எத்தனை வருஷ சபர்?

எங்கள் ஊரில் வெளிநாடு கிளம்புகிறவர்கள் பயணம் சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் தெருத்தெருவாகப் போக வேண்டும். சொந்தக்காரர்கள் வீடு, அண்டை வீடு, ஏதோ மனஸ்தாபத்தில் வருஷக்கணக்காகப் பேச்சில்லாமல் இருந்த வீடு, எல்லா வாசலிலும் ஏறி, "பயணம் சொல்லிட்டுப் போக வந்தேன், ஏதாச்சும் தப்புத் தவறு இருந்தா மனசுல வச்சுக்காதீங்க, துஆ செய்யுங்க" என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு டம்ளர் டீயாவது குடிக்க வைத்துத்தான் அனுப்புவார்கள். டீ ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்.

"எத்தனை வருஷ சபர்?"

சபர் என்றால் பயணம். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர் சபுராளி. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வது இந்தச் சபுராளிகளால்தான். வெண்ணாற்றங்கரையில், மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர். ஆனால் ஊரின் கல்யாணமும் கட்டடமும் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் பணத்தில் எழுந்தவை. அப்புறம் துபாய், சவூதி, குவைத் பணம் சேர்ந்தது. எங்கே போனாலும் அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. ரெண்டு வருஷம். மூணு வருஷம். வீட்டை முடிச்சுட்டு வந்துடுவேன். தங்கச்சி கல்யாணம் வரைக்கும்.

2014 நவம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் அமெரிக்காவுக்குப் பயணம் சொல்லப் போனோம். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் சேறு. வயலில் சம்பா பச்சை கட்டி நின்றது. முதல் வீட்டிலேயே பெரியம்மா கேட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் பிள்ளைகளைப் பார்த்தார். எங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது குடியேற்ற விசா. இத்தனை வருஷம் என்று ஒரு கணக்கு அதில் கிடையாது. போய் இருக்கலாம், அவ்வளவுதான்.

"பாக்கணும் பெரியம்மா" என்றேன். ஏன் அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு சொன்னேன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

விசா வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதை லாட்டரி மாதிரி நினைக்கிறார்கள். என் நாத்தனார் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2001 கடைசியில் தம்பிக்காக மனுப் போட்டார். அமெரிக்கக் குடிமகன் தன் உடன்பிறப்பை அழைத்துக்கொள்ளும் வகைக்கு எஃப்4 என்று பெயர். இதற்கு ஒரு வருஷத்துக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து 65,000 விசா. எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அதனால் வரிசை நீளும், இந்தியாவுக்கு இன்னும் நீளும். 1965-க்கு முன்னால் இப்படி ஒரு வரிசையில் நிற்கக்கூட நமக்கு வழியில்லை. 1946-ல் போட்ட சட்டப்படி இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான். 1965 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் குடும்பத்தைப் பார்த்துக் கதவைத் திறந்தது. நாத்தனார் மனுப் போட்டபோது நான் மன்னார்குடியில் கல்லூரி முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரராகப் போகிற மனுஷரைப் பார்த்ததே இல்லை. 2004-ல் எங்கள் நிக்காஹ், அப்புறம் ஒரு மகள், ஒரு மகன். எல்லோரும் அந்த ஒரே மனுவுக்குள் ஏறிக்கொண்டோம். பதின்மூன்று வருஷம் மாதாமாதம் வரிசை எந்தத் தேதி வரை நகர்ந்திருக்கிறது என்று இணையத்தில் பார்ப்பார் அவர். சில மாதம் மூன்று வாரம் நகரும், சில மாதம் நகரவே நகராது.

தேதி வந்ததும் காகித வேலை ஆரம்பித்தது. ஜமாஅத் நிக்காஹ் தப்தரிலிருந்து நகல் எடுத்து அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். எங்கள் இருவர் பிறப்புப் பதிவிலும் பெயர் இல்லை, ஆண், பெண் என்று மட்டும் இருந்தது. குழந்தை பிறந்த அன்றைக்குப் பெயரோடு போய் யார் பதிந்தார்கள், அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். அதைத் திருத்தி வாங்கினோம். பெரியவர்கள் இரண்டு பேரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம். மருத்துவப் பரிசோதனை, எனக்கும் அவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே. மும்பையில் பாந்த்ரா குர்லா வளாகத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அது பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்து நாளில் பாஸ்போர்ட்டும் நாலு பழுப்பு உறைகளும் வந்தன. இந்த உறையைப் பற்றித்தான் சொல்ல ஆசை. ஒவ்வொன்றும் ஒரு சம்பா அரிசிப் பொட்டலம் கனம். வாய் ஒட்டி, அதன் மேல் முத்திரை. பிரிக்காதே, போய் இறங்கும் இடத்து அதிகாரிதான் பிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரே சிடி இரண்டு தனியே. எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. எங்கள் பதின்மூன்று வருஷம் அந்த உறைக்குள் இருக்கிறது, எங்களால் பார்க்க முடியாது. பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவில் வைத்தேன். ராத்திரி எழுந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். (இப்போது அநேகமாக எல்லாம் கணினியிலேயே போய்விடுகிறது, உறை கையில் தருவதில்லை என்கிறார்கள். நல்லது. அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம்.)

பாஸ்போர்ட்டைப் பிரித்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நமக்கு ஏது குடும்பப் பெயர், அத்தா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். விசாவில் என் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து போட்டிருந்தார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட் எடுக்கப் போகிற பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்குங்கள். இன்றைக்கும் எனக்கு வரும் சில கடிதங்கள் "அன்புள்ள எஃப்என்யூ" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அத்தா காதில் பாங்கு சொல்லி வைத்த பெயர் எனக்கு இருக்கிறது. அது தெரியவில்லை என்று ஒரு அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போது இன்றைக்கும் வலிக்கிறது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நன்னி வீட்டுக்குப் போனேன். அம்மாவின் அம்மா. கடைசியாகத்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். நன்னி கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டி, "அந்தக் காயிதத்தைக் காட்டு புள்ள" என்றார். பையில்தான் வைத்திருந்தேன், கொடுத்தேன். மடியில் வைத்து முத்திரையை விரலால் தடவினார். நன்னிக்கு அரபுத் தமிழ் வரும். தமிழை அரபி எழுத்தில் எழுதுவது. அந்தக் காலத்துப் பெண்கள் அதில்தான் கடிதம் எழுதினார்கள். அம்மாவின் அத்தா, என் நன்னாவுக்குப் பினாங்குக்குப் போன கடிதமெல்லாம் அந்த எழுத்துதான். ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் கடல் தாண்டும் காகிதம் என்றால் என்ன என்று நன்னிக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது.

நன்னா 1949-ல் பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். கட்டிய புதிதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்ததாம். டெக் பயணி என்றால் படுக்கையும் இல்லை, அறையும் இல்லை; மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் இடம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் அலை ஏறி இறங்கும் நேரம் பார்த்துத் தொற்ற வேண்டும். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் அம்மை குத்திய சர்டிபிகேட். அது தொலைந்தால் பினாங்கில் இறங்கவே முடியாது, ஜெரெஜாக் தீவுக் கொட்டடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தி அனுப்பினார்களாம். நன்னா அதை எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டே ஒரு வாரம் தூங்கினார். இறங்கியதும் முதலில் போனது சூலியா தெரு நாகூர் தர்காவுக்கு. நாகூரில் எசமான் தர்காவைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய பையன், அக்கரையிலும் அதே பெயரில் ஒரு வாசலைக் கண்டதும் அழுதுவிட்டேன் என்பார். எனக்குப் பதின்மூன்று வயது வரை நன்னா இருந்தார். இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

அவர் போன நாலு வருஷத்தில் சட்டம் மாறியது. 1953 ஆகஸ்டிலிருந்து மலேயாவிலும் சிங்கப்பூரிலும் புதிதாக வருகிறவர்களுக்கு எண்ட்ரி பெர்மிட் வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக ரீ-எண்ட்ரி பெர்மிட், அதில் ஒரு தேதி. நம் ஊர் ஆண்கள் கல்யாணத்துக்கு வந்ததும் பிள்ளை பெற்றதும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான். நன்னா மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், சில மாதம் இருப்பார். என் அம்மா பிறந்தபோது அவர் கடலில். அத்தா என்று அம்மா அவரை முதலில் கூப்பிட்டது மூன்று வயதில், அதுவும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. ரஜூலா 1973-ல் ஓட்டத்தை நிறுத்தியது. சிதம்பரம் கப்பல் வந்தது. நன்னா 1979-ல் ஒரேயடியாக ஊர் திரும்பியது அதில்தான். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். நன்னா அன்றைக்கு முழுக்க ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம், சோறு இறங்கவில்லையாம். அதோடு கப்பல் பயணமும் முடிந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. நன்னி அன்றைக்குச் சொன்னது தெரியாத கதை.

"எனக்கும் ஒரு காயிதம் வந்துச்சு புள்ள."

உறையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். என் அம்மாவுக்கு மூன்று வயது இருக்கும்போது நன்னா அங்கே ஓடியாடி, பெண்சாதியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள பெர்மிட் வாங்கி அனுப்பியிருக்கிறார். நன்னி இரண்டு புதுப் புடவை எடுத்து, தலையணை உறைகூடத் தைத்து வைத்துவிட்டார். அதே மாதம் மாமனாருக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தூக்கி உட்கார வைக்க, துடைக்க, கஞ்சி ஊட்ட வீட்டில் வேறு ஆள் இல்லை.

"போவாதேன்னு யாரும் சொல்லலை. போன்னும் சொல்லலை. காயிதத்துல நாள் இருந்துச்சு. அது முடிஞ்சு போச்சு. அப்புறம் அவரும் கேக்கலை, நானும் கேக்கலை."

"அது எங்கே நன்னி?"

"அடுப்புல போட்டுட்டேன். வச்சிருந்து என்ன பண்ண?"

அந்தக் காகிதத்தோடு ஒரு ஊரும் எரிந்திருக்கிறது. நன்னி பார்க்காத பினாங்கு, அம்மா படிக்காத மலாய்ப் பள்ளிக்கூடம். சபுராளிகளைப் பற்றி எங்கள் ஊரில் எவ்வளவோ பேசுவோம். யார் முதலில் போனார், யார் கடை வைத்தார், யார் பள்ளிவாசலுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஆண்களின் பெயர் அடுக்கடுக்காக வரும். அவர்கள் போய்வர முடிந்தது இங்கே ஒரு பெண் நகராமல் இருந்ததால். பெரிய வீடுகளில் கிழவனைப் பார்த்து, பிள்ளையை வளர்த்து, குத்தகை நெல்லை அளந்து வாங்கி, வந்த பணத்துக்குக் கணக்கு எழுதி, முப்பது வருஷக் கல்யாணத்தில் ஏழெட்டு வருஷம் மட்டும் புருஷனோடு வாழ்ந்த பெண்கள். அவர்களுடையதும் சபர்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்குத்தான் யாரும் பயணம் சொல்லி அனுப்பவில்லை.

"அவரு வந்தா போற நாளை நான் விரல்லதான் எண்ணுவேன்" என்றார் நன்னி. தஸ்பீஹ் எண்ணுவது போலக் கட்டைவிரலை மற்ற விரல் கணுக்களின் மேல் ஓட்டிக் காட்டினார். உறையைத் திருப்பிக் கொடுத்தார். எத்தனை வருஷ சபர் என்று நன்னி கேட்கவில்லை. ஊரிலேயே கேட்காத ஒரே ஆள்.

மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ், சென்னை, துபாய், அப்புறம் பதினாலு மணி நேரம் வானம். நியூயார்க்கில் இறங்கியபோது அங்கே காலை. கென்னடி விமான நிலையத்து வரிசையில் எங்கள் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், உறைகளைப் பார்த்தார், நாலு பேரின் விரல் ரேகையும் எடுக்கப் போய் மகனின் விரல் சின்னதாக இருக்கிறதென்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். பிறகு பக்கத்து அறையில் போய் உட்காரச் சொன்னார். அந்த அறைதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வங்காளதேசத்துக் குடும்பம் ஒன்று, ஸ்பானிஷ் பேசும் ஒரு வயதான தம்பதி, கைக்குழந்தையோடு தனியாக ஒரு ஆப்பிரிக்கப் பெண். எல்லோர் மடியிலும் அதே பழுப்பு உறை. எல்லோரும் அதை நன்னா அம்மை சர்டிபிகேட்டைப் பிடித்தது மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. வங்காளத்து அம்மா என் மகளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினார், அவ்வளவுதான்.

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கூப்பிட்டார்கள். ஒரு பெண் அதிகாரி கத்தரிக்கோலை எடுத்து உறையின் ஓரத்தை ஒரே இழுப்பில் வெட்டினார். இத்தனை நாள் நான் பூட்டிக் காத்தது அப்படித் திறந்தது. உள்ளே என் பிறப்புச் சான்று, தப்தர் நகல், பெரியப்பாவின் கையெழுத்து, எங்கள் ஊர் முத்திரை. ஊரில் ஜாஃப்னா டீக்கடைக்குப் பக்கத்துத் தட்டச்சுக் கடையில் அடித்த தாள் நியூயார்க்கில் ஒரு மேஜை மேல் கிடந்தது. விசாவின் மேல் முத்திரை குத்தி, பக்கத்தில் பேனாவால் எஃப்42 என்று எழுதினார். மனுவுக்குரியவரின் மனைவி என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு எஃப்43. முத்திரை விழுந்த அந்த விசாவே ஒரு வருஷத்துக்கு நிரந்தரவாசிச் சான்று, அட்டை தபாலில் வரும் என்றார். அதற்கு ஆளுக்கு 165 டாலர் ஊரிலேயே கட்டியிருந்தோம். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

சுங்கத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் உண்மையாகவே குறித்திருந்தோம். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலாக இருந்தது தம்ரூட்டு டப்பா. ரவையும் முட்டையும் சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டி, கீழேயும் மேலேயும் கங்கு வைத்துத் தம் போட்டு எடுப்பது. எங்கள் ஊர் தம்ரூட்டு இல்லாமல் யாரும் கப்பலும் ஏறியதில்லை, விமானமும் ஏறியதில்லை. என்ன இது என்று கேட்டார் அதிகாரி. "கேக், ரவா கேக்" என்றார் என் வீட்டுக்காரர். மூடியைத் திறந்ததும் நெய் வாசனை அந்த மேஜையைச் சுற்றி நின்றது. போகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே நாத்தனார் நின்றார். கட்டிப்பிடித்து அழுது முடித்து, அவர் போனிலிருந்து நன்னிக்குப் பேசினேன். அங்கே இரவு, இஷா தொழுது முடித்திருந்தார்.

"இறங்குற எடத்துல என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலை நன்னி."

"எப்ப திரும்பிப் போவேன்னு கேக்கலியா? ஒன் நன்னாகிட்ட ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க."

"கேக்கலை."

நன்னி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பிள்ளைகளுக்குக் குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்று கேட்டார்.

2016 ஜூலையில், நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், நாலு பேரும் ஊருக்குப் போனோம். அந்த வருஷம் வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. வெண்ணாறு மணலாகக் கிடந்தது, பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நன்னி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைத் தடவினார், பிள்ளைகளின் உயரத்தை அளந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் பேச்சு:

"எத்தனை நாளு?"

"இருபத்தெட்டு நாள் நன்னி."

கட்டைவிரலை எடுத்துக் கணுக்களின் மேல் ஓட்ட ஆரம்பித்தார். ஒரு விரலுக்கு மூன்று, கட்டைவிரலுக்கு இரண்டு, ஒரு கைக்குப் பதினாலு. வலது கை முடிந்து இடது கைக்குப் போனார். கடைசிக் கணுவில் வந்து நின்றதும், "சரியா ரெண்டு கை இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று என் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.